மலையும் வேணும், வீட்டுக்காரியும் வேணும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மலையப் போட்டோ எடுக்கதுன்னா எனக்கு சோறு தண்ணி வேண்டாம். லீவு கெடச்சா வீட்டுக்காரியக் கூட்டிட்டு கிளம்பிருவேன். அவ இதுவரைக்கும் ஒரு வார்த்த குறை சொன்னதில்ல, கார்ல உக்காந்து போன் பாப்பா, இல்லன்னா கண்ண மூடிட்டு சாஞ்சிருவா. போன வாரம் விடியக்காலம் நாலரைக்கு எழுப்பினப்ப மட்டும் "நீங்க போயிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு திரும்பிப் படுத்துட்டா. கோவமான்னும் தெரியல. நல்ல வெளிச்சத்துக்கு மணிக்கணக்கா காத்துக் கெடக்கத்தான வேணும், நான் என்ன செய்ய?
நாகர்கோவில் வாசகர்

பதில்: கோவம் இல்ல அண்ணே, அலுப்பு. கோவம்னா கேட்டிருப்பாங்க, இது கேட்டுப் பிரயோஜனம் இல்லன்னு முடிவு பண்ணின ஆளு பேசுத பேச்சு. நீங்க சொல்லுத அந்த "மணிக்கணக்கா" இருக்குல்லா, அங்கதான் எனக்கு இடிக்குது. சூரியன் தாழ இருக்கப்ப வர பொன் வெளிச்சத்த கோல்டன் அவர், கோல்டன் அவர்னு எல்லா வீடியோலயும் சொல்லுதாங்க, அது பெரும்பாலும் ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் இருக்கவங்க அவங்க ஊரு கணக்குக்குச் சொன்னது. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் பூமத்திய ரேகைக்கு வெறும் 8 டிகிரி வடக்க கெடக்கு, சூரியன் இங்க கிட்டத்தட்ட செங்குத்தா மேல ஏறிரும். லண்டன்ல குளிர்காலத்துல அது சாஞ்சு சாஞ்சு அந்த வெளிச்சம் முடியுத 6 டிகிரி உயரம் வரதுக்கு முக்கா மணி நேரத்துக்கு மேல ஆவும், நமக்கு அதே 6 டிகிரி 25 நிமிஷம் வாக்குல முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் வெளிச்சம் வெள்ளையாகி மலை மடிப்பெல்லாம் தட்டையாயிரும். அப்ப சூரியனுக்கு வேண்டியது அரை மணி நேரம் கூட இல்ல. மிச்ச நேரம் பூராவும் நீங்க எங்க நிக்கலாம்னு தேடுறது, லென்ஸ் மாத்துறது, டிரைபாட் கால நீட்டுறது, எடுத்த படத்தையே திருப்பித் திருப்பிப் பாக்கது. அவங்க காத்திருந்தது வெளிச்சத்துக்கு இல்ல, உங்களுக்கு.

அதனால இடத்த முன்னாலயே பாத்து வைங்க, வேற சோலியா அந்தப் பக்கம் போறப்ப தனியா பாத்துட்டு வந்தா போதும். தேரூர் குளத்தங்கரைய எடுத்துக்கிடுங்க. மார்கழி தைல சூரியன் தென்கிழக்குல உதிக்கும், குளத்துக்கு வடக்க நிக்க மலைத்தொடர் மேல வலது பக்கத்துல இருந்து வெளிச்சம் சாஞ்சு விழும், ஒவ்வொரு மடிப்பும் நிழல் கட்டித் தனித்தனியா தெரியும். தை மாசம் உதயம் 6.40 வாக்குல, நாலரைக்கு எழுப்ப வேண்டிய அவசியமே இல்ல பாத்தியளா. அதே இடத்துல ஆனி மாசம் போனா சூரியன் வடகிழக்குல உதிச்சு மலைக்குப் பின்பக்கமா ஏறும், நம்மப் பாத்த முகம் இருண்டு கெடக்கும், போதாக்குறைக்கு தென்மேற்குப் பருவமழை மேகம் வேற. ஏப்ரல் பாதியில இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நமக்கு உச்சி வெயிலே வடக்க இருந்துதான், நம்ம ஊர்லயே நெறைய பேரு இத கவனிச்சிருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, கார் ஏசி. ஒரு மணி நேரம் குளுகுளுன்னு வந்துட்டு கேமராவ வெளிய எடுத்த உடனே லென்ஸ் மேல ஆவி படியும், நம்ம ஊரு ஈரக்காத்துக்கு அது லேசுல போகாது, துடைச்சா திரும்பவும் படியும், 25 நிமிஷத்துல பத்து அங்கயே காலி. போய்ச் சேருததுக்கு கால் மணி நேரம் முன்னாலயே ஏசிய ஆஃப் பண்ணி கண்ணாடிய இறக்கிவிட்டு வாங்க. உங்க வீட்டுக்காரிக்கும் காத்து வரும்.

அவங்களுக்கு அங்க என்ன இருக்குன்னு யோசிச்சியளா? தோவாளைக்குப் போனா உங்களுக்கு ரோட்டுப் பக்கத்துலயே மலை, அவங்களுக்குப் பூச்சந்தை. விடியுததுக்கு முன்னாலயே அங்க யாவாரம் சூடு புடிச்சிருக்கும், ஈரச் சாக்கு மேல பிச்சி மொட்டக் குவிச்சு வச்சிருப்பாங்க, இன்னும் விரியாம நுனியில லேசா ரோஸ் கலர் ஓடியிருக்கும், கை நெறைய அள்ளினா உள்ளங்கை சில்லுனு ஆயிரும். பூ வாங்கி, கட்டக் குடுத்து, ஒரு டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள உங்க வெளிச்சம் முடிஞ்சிரும். வேளிமலை எடுக்கணும்னா அடிவாரத்துல குமாரகோவில் இருக்கு, அவங்க முருகன கும்பிட்டுட்டு வரட்டும், ஒம்பது மணிக்கு மேல ரெண்டு பேருமா பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்க, திங்கக்கெழம மட்டும் போயிராதீங்க, லீவு. ஆனா ஒண்ணு, இது அவங்கள ஒரு எடத்துல தள்ளிவிட்டுட்டு ஓடுறதுக்கான ஏற்பாடா ஆயிரக் கூடாது. மொதல்ல கேளுங்க. "இல்ல, நான் தூங்குதேன்"னு சொன்னா தூங்க விடுங்க, அதுவும் லீவுதான்.

கேள்வி: என் வீட்டுக்காரர் எடுத்த எல்லா மலைப் படத்துலயும் நான் இருக்கேன், ஆனா ஒண்ணுலயும் என் மூஞ்சி இல்ல. "அந்தப் பாறை மேல போய் நில்லு, அங்கிட்டுப் பாரு, அசையாத"ம்பாரு. மருந்துவாழ்மலைல வெயில்ல நிக்க வச்சு எடுத்ததுல நான் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். கேட்டா "ஸ்கேலுக்கு"ன்னு சொல்லுதாரு. இது நியாயமா?
குழித்துறை வாசகி

பதில்: அவரு சொல்லுத காரணம் சரிதான் அக்கா, நியாயம்தான் இல்ல. வெறும் பாறைய மட்டும் எடுத்தா அது பத்தடியா நூறடியான்னு பாக்கவனுக்குப் புரியாது, ஒரு ஆளு நின்னாத்தான் மலையோட அளவு கண்ணுக்கு எட்டும், அதுலயும் பச்சைக்கு நடுவுல சிவப்புன்னா கண்ணு நேரா அங்க போயி நிக்கும். அதுக்காக ஆயுசு பூரா உங்கள புள்ளியாவே வச்சிருக்கதா? ஒரு ஒப்பந்தம் போடுங்க. ஒரு எடத்துக்கு ஒரு புள்ளிப் படம், அடுத்தது மூஞ்சி தெரியுத படம், அதுவும் அதே நல்ல வெளிச்சத்துல, வெயிலேறி கண்ணு கூசுனதுக்கப்புறம் இல்ல.

அவருக்கு ஒரு கதையும் சொல்லுங்க. மலைய கருப்பு வெள்ளைல எடுத்து உலகமே பேசுத மாதிரி பண்ணினவரு ஆன்சல் ஆடம்ஸ். 1927 ஏப்ரல் 10ம் தேதி அமெரிக்காவுல யோசெமிட்டில, பனி கெடந்த மலைல, கனத்த கேமராவையும் படம் பதியுத கண்ணாடித் தகடுகளையும் முதுகுல சுமந்துட்டு ஏறினாரு. கூட சில நண்பர்கள், அவங்ககூட வர்ஜீனியா பெஸ்ட், அடுத்த வருஷம் அவரு கட்டிக்கிட்ட பொண்ணு. ஹாஃப் டோம்ங்கிற பெரிய பாறைக்கு எதுத்தாப்புல போய் நின்னப்ப அவருகிட்ட மிச்சம் இருந்தது 2 தகடு. ஒண்ணு மஞ்சள் ஃபில்டர், அதாவது லென்ஸ் முன்னால மாட்டுத கலர் கண்ணாடி, போட்டு எடுத்தாரு. வானம் தான் மனசுல நெனச்ச அளவுக்கு இருட்டாதுன்னு தோணி கடைசித் தகட்டுக்கு சிவப்பு ஃபில்டர் போட்டாரு, வானம் கன்னங்கரேல்னு வந்து பாறை மட்டும் எந்திரிச்சு நின்னுச்சு, அவரு பேரு சொல்லுத படம் அதுதான். எடுக்கதுக்கு முன்னாலயே எப்படி வரணும்னு யோசிச்சாரு, க்ளிக் பண்ணினாரு, முடிஞ்சுது. உங்க வீட்டுக்காரரு மெமரி கார்டுல 2000 படத்துக்கு எடம் இருக்குங்கதுதான் உங்களுக்குக் கால் வலிக்கதுக்குக் காரணம். ஒரு எடத்துக்கு இத்தன க்ளிக்தான்னு அவருகிட்ட எண்ணிக்கை பேசிக்கிடுங்க, படமும் நல்லாயிரும்.

கேள்வி: கண்ணால பாக்கப்ப மலை மூஞ்சில அடிக்க மாதிரி நிக்குது, போன்ல எடுத்தா எறும்புப் புத்து கணக்கா ஆயிருது. கேமரா வாங்கியே ஆகணுமா?
தக்கலை வாசகர்

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. போனோட மெயின் கேமரா அகல லென்ஸ், பக்கத்துல இருக்க ரோட்டையும் கரண்டுக் கம்பியையும் பெருசாக்கி மலையப் பின்னால தள்ளிரும். 2 எக்ஸ், 3 எக்ஸ் ஜூம் உங்க போன்ல தனி லென்ஸா இருந்தா அத போடுங்க, போட்டுட்டு நீங்க பின்னால போங்க. முன்னால ஒரு தென்னந்தோப்போ வயலோ வரட்டும், மலை அதுக்குப் பின்னால தானா உயந்து நிக்கும். கேமராக்காரங்க 70-200ங்கிற பெரிய ஜூம் லென்ஸத் தூக்கிட்டு அலையது இதுக்குத்தான். மத்தபடி மழை விட்ட மறுநாள் காலைல எடுங்க, ஐப்பசி கார்த்திகைல மழை தூசியெல்லாம் கழுவிவிட்டதுக்கப்புறம் தாடகை மலைய பூதப்பாண்டிப் பக்கத்துல இருந்து பாருங்க, மரம் மரமா தெரியும். பங்குனி வெயில்ல அதே மலை சாம்பல் பூசின மாதிரி இருக்கும், லட்ச ரூவா கேமராவும் அத ஒண்ணும் செய்யாது.

கேள்வி: ஆரல்வாய்மொழில டிரைபாட் வச்சு எடுத்த படமெல்லாம் கலங்கிப் போச்சு. டிரைபாட் மட்டமானதா?
வள்ளியூர் வாசகர்

பதில்: காத்து அண்ணாச்சி. கணவாய் அது, அதனாலதான முப்பந்தல் பூரா காத்தாடி நட்டு வச்சிருக்கு. ஆனி ஆடில நடுத்தண்ட மேல தூக்கவே தூக்காதீங்க, கால விரிச்சு தாழ வைங்க, கழுத்து வார கழத்துங்க, அது படபடன்னு அடிச்சாலே கேமரா ஆடும். 2 செகண்ட் டைமர் போடுங்க. அப்பவும் ஆடிச்சுன்னா டிரைபாடக் கார்ல போட்டுட்டு ஐஎஸ்ஓவ (கேமரா வெளிச்சத்துக்கு எவ்வளவு கூர்மையா இருக்குங்கிற அளவு) ஏத்தி கையிலயே எடுங்க, கொஞ்சம் புள்ளி விழும், பரவால்ல.

கேள்வி: கல்யாண நாளுக்கு முத்துக்குழிவயல் போய் எடுக்கலாம்னு இருக்கோம். பைக்ல போலாமா?
மார்த்தாண்டம் வாசகர்

பதில்: அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாம உள்ள போக முடியாது. "யாராவது தெரிஞ்சவங்க மூலமா"ன்னு எல்லாம் எறங்காதீங்க, ஆனை நடமாடுத எடம், கல்யாண நாளும் அதுவுமா வேண்டாம். பேச்சிப்பாறைக்குப் போங்க. 1906ல கட்டி முடிச்ச அணை, காத்து எழும்புததுக்கு முன்னால போனா தண்ணில மலை தலைகீழா அப்படியே தெரியும். மாத்தூர் தொட்டிப்பாலம் அங்க இருந்து தூரம் இல்ல, 115 அடி உயரத்துல ரெண்டு பேருமா நடக்கலாம், வெயிலுக்கு முன்னால போயிருங்க. காளிகேசம் போறதா இருந்தா செக்போஸ்ட்ல விடுதாங்களான்னு மொதல்ல விசாரிச்சுக்கிடுங்க, மழைக்காலம்னா அட்டைக்கு உப்பு ஒரு பொட்டலம் பையில இருக்கட்டும்.