ஆப்பின் தடித்த பக்கம் எங்கே?

கேள்வி: எங்களிடம் பழைய மஹிந்திரா ஜீப் இருக்கிறது. குரங்கணிப் பக்கம் தோட்டத்துக்குப் போக உயரம் போதவில்லை என்று, ஆக்சிலுக்கு அடியில் இருந்த முன் கமான் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்கை) மேலே ஏற்றிக் கட்டினோம். அன்றிலிருந்து வளைவில் ஒடித்த ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டி அலைகிறது, இடப்பக்கம் இழுக்கிறது. மூன்று முறை வீல் அலைன்மென்ட் பார்த்தாயிற்று. என்னதான் செய்வது?
- வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: நான்காவது முறை அலைன்மென்ட் கடைக்குப் போகாதீர்கள். இந்த வண்டியில் அங்கே மாற்ற முடிந்தது டோ ஒன்றுதான், அதாவது முன் சக்கரங்களின் முன்விளிம்பு உள்ளே திரும்பியிருக்கும் அளவு. உங்களுக்குக் கெட்டிருப்பது காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் மேல்முனை பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு. இந்த ஜீப்புக்கு மூலமான வில்லிஸ் ஜீப் காலத்துக் கணக்கு 3 டிகிரி. ஒடித்த ஸ்டீயரிங்கை நேருக்குக் கொண்டுவருவது அந்தச் சாய்வுதான்.

குனிந்து பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே பாருங்கள். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஆப்புத் தகடு வைத்திருந்தால் அதன் தடித்த பக்கம் எங்கே இருக்கிறது? பட்டை அடியில் இருந்தவரை தடித்த பக்கம் முன்னால் இருந்தால்தான் காஸ்டர் கூடும். பட்டை மேலே ஏறிவிட்டால் அப்படியே தலைகீழ், தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். பழைய பழக்கத்தில் கை முன்னால் வைத்துவிடும். வால்பாறை எஸ்டேட் ஜீப் ஒன்றுக்கு நானே அப்படிக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் டிரைவர் ஸ்டீயரிங்கை இழுத்து இழுத்தே நேராக்கியிருக்கிறார். மறுநாள் உள்ளங்கைக் கொப்புளத்தைக் காட்டினார். அன்றிலிருந்து ஆப்பின் தடித்த முனையில் சாக்பீஸால் ‘பின்’ என்று எழுதாமல் நான் கட்டுவதில்லை.

ஆப்பே இல்லையென்றால் பட்டை உட்காரும் இருக்கையைக் கோணம் தவறி வெல்டிங் செய்திருக்கிறார்கள். 2 அல்லது 3 டிகிரி ஆப்பு போதும். இரும்பில் வாங்குங்கள், அலுமினியம் நொறுங்கும். ஆக்சில் பின்னால் சாயும்போது, புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மூக்கு கீழே இறங்கும் என்பதால், முன் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் இறுகுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இழுப்புக்குக் காரணம் வேறாக இருக்கும். சமதரையில் ஸ்டீயரிங்கை நேராக வைத்து நிறுத்துங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டை நான்கு ஹப்பின் நடுவிலிருந்தும் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் டேப்பில் அளந்து பாருங்கள். இடப்பக்கம் குறைவாக வந்தால் ஆக்சில் அந்தப் பக்கம் பின்னால் நகர்ந்திருக்கிறது. பட்டைகளை நடுவில் கோத்து ஆக்சிலை இடத்தில் நிறுத்தும் சென்டர் போல்ட் அறுந்திருக்கலாம். அல்லது ஆப்பு வைத்தும் பழைய குட்டை போல்ட்டையே போட்டதால் அதன் தலை இருக்கைக் குழிக்குள் உட்காராமல் இருக்கலாம்.

முதலில் சென்டர் போல்ட், அப்புறம் ஆப்பு, கடைசியில்தான் டோ, 2 மி.மீ. உள்பக்கம். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் நட்டுகளை 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்குங்கள். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி என்றால், இதெல்லாம் முடியும்வரை தயவுசெய்து மலை ஏற்ற வேண்டாம்.