சுற்றுச்சூழல் பொறியியலா, சிவிலா? மண்டபத்துத் தந்தை ஒருவருக்கு எழுதிய மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயா,

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு கரையில் நிற்கிறது, மகளின் படிப்பைப் பற்றி நிதானமாகப் பேச இப்போதுதான் நேரம் வாய்த்தது என்று சென்ற வாரம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலிருந்து என்னிடம் ஆலோசனைக்கு வந்திருந்தீர்கள். புறப்படும்போது, மகள் வெளியே சென்ற பிறகு, சற்றுத் தயங்கி, "சுற்றுச்சூழல் பொறியியல் என்றால் கடைசியில் குப்பை, சாக்கடை வேலைதானே?" என்று கேட்டீர்கள். அன்று பலர் காத்திருந்ததால் முழுமையாகப் பதில் கூற இயலவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

குப்பையும் சாக்கடையும் இப்படிப்பில் உண்டு; அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஓர் ஊரிலிருந்து நாள்தோறும் எவ்வளவு கழிவுநீர் வரும், குழாயை எந்தச் சரிவில் பதித்தால் அது தேங்காமல் ஓடும், தொட்டியில் எத்தனை மணி நேரம் காற்றூட்டினால் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கும் என்பவற்றைக் கணக்கிட்டு வடிவமைப்பதே பொறியாளரின் வேலை. மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. எவரும் குழிக்குள் இறங்கத் தேவையில்லாதபடி அமைப்பை உருவாக்கும் பொறுப்பு இத்துறையினருடையது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நம் கடற்கரையைப் பொறுத்தவரை இப்படிப்பின் முதற்பொருள் குடிநீர்தான். தங்கள் மகள் அன்று இரண்டு பாட்டில்களில் தண்ணீர் கொண்டுவந்திருந்ததைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். ஒன்று ஊருணி நீர், மற்றொன்று வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர். நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் என் மேசையில் இருந்தது; அதை அவரே நனைத்துப் பார்த்தார்: முதலாவது நானூற்றுச் சொச்சம், இரண்டாவது இரண்டாயிரத்து அறுநூறைத் தாண்டியது. இந்தியத் தர நிர்ணயப்படி, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். "ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்றுதானே போட்டோம், ஏன் உப்பாக வருகிறது?" என்று அவர் கேட்டார்.

இதற்கான விடை நூறாண்டுகளுக்கு முன்பே கணக்கிடப்பட்டுவிட்டது. கடலோர மணலுக்கடியில் மழைநீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நல்ல நீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம் வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். மோட்டார் வைத்து அந்த ஓரடியை இறைத்துவிட்டால், கீழேயுள்ள உப்பு காலப்போக்கில் நாற்பதடி மேலேறிவிடும். மணலில் சிறு ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்கச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றிய நம் ஊர்ப் பெண்கள் இந்தக் கணக்கைக் கைப்பழக்கத்தில் வைத்திருந்தார்கள். நான் இதைச் சொல்லி முடித்ததும், "அப்படியானால் ஆழம் இல்லாததால்தான் ஊருணி பிழைத்ததா?" என்றார் தங்கள் மகள். மதிப்பெண் பட்டியலைவிட அந்தக் கேள்வியையே நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

இம்மாவட்டத்தின் நரிப்பையூரில், நாளொன்றுக்கு 38 இலட்சம் லிட்டர் குடிநீர் தரும் திறனோடு கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 1990களின் பிற்பகுதியில் அமைக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களில், லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்புள்ள கடல்நீரை, வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் சவ்வின் வழியே செலுத்துகிறார்கள். நூறு லிட்டர் உள்ளே சென்றால் ஏறத்தாழ நாற்பது லிட்டர் நல்ல நீராகும். மீதி அறுபது லிட்டர் மேலும் கடுமையான உப்போடு கடலுக்கே திரும்பும். அதை எங்கே, எவ்வளவு தூரத்தில், எப்படிக் கலந்து விடுவது? 21 தீவுகளைக் கொண்டதும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதுமான மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளும் கடற்புற்களும் இருக்கும் கரையில், இந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கற்றவர் தேவை. அந்த மீன்வளத்தை நம்பிக் கடலுக்குச் செல்லும் தங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பாடம் உயர்ந்ததா என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் யோசிப்பது பட்டத்தின் பெயரைப் பற்றித்தான். அரசுப் பணி வேண்டும் என்பது தங்கள் விருப்பம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், மாநகராட்சி, நகராட்சி போன்றவற்றின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கான அறிவிப்புகளில் பெரும்பாலும் பி.இ. சிவில் என்றுதான் தகுதி குறிப்பிடப்படுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பணிகளுக்குச் சுற்றுச்சூழல் பொறியியலோடு சிவில், கெமிக்கல் பட்டதாரிகளும் போட்டியிடுகிறார்கள். என்னிடம் ஆலோசனை பெற்ற மாணவர் ஒருவர், பெயர் சற்று மாறிய பட்டத்தோடு ஓர் அரசு அமைப்பின் பணிக்கு விண்ணப்பித்தார். அந்தப் பட்டம் அறிவிப்பில் கேட்ட பட்டத்துக்கு நிகரானது என்று கூறும் இணைத் தகுதி அரசாணையைக் கேட்டார்கள். அவர் கல்லூரிக்கும் சென்னைக்கும் அலைந்து அதைத் தேடுவதற்குள் அந்த ஆண்டின் தேர்வு கைநழுவிப் போயிற்று. அந்தப் பட்டத்தை அவருக்குப் பரிந்துரைத்தவர்களில் நானும் ஒருவன். அதன் பிறகுதான் பழைய அறிவிப்புகளை எடுத்து, தகுதி என்ற பகுதியை வரி வரியாகப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது.

எனவே என் கருத்து இதுதான்: தங்கள் மகள் பி.இ. சிவில் எடுக்கட்டும். காரைக்குடியில் அரசு பொறியியல் கல்லூரியும் மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரியும் அருகிலேயே உள்ளன. சிவில் பாடத்திட்டத்தில் குடிநீர், கழிவுநீர்ப் பாடங்கள் எப்படியும் வரும். விருப்பப் பாடங்களையும் இறுதியாண்டுத் திட்டப்பணியையும் அதே திசையில் வைத்துக்கொள்ளலாம். பிறகு முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதி, அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கலாம். கேட் தேர்வில் இத்துறைக்கென்று தனித்தாளே 2021 முதல் உள்ளது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வழியாகத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் சுற்றுச்சூழல் பொறியியல் பி.டெக். இடம் கிடைத்தாலோ, அரசுப் பணியே வேண்டும் என்ற எண்ணத்தைத் தாங்கள் தளர்த்திக்கொண்டாலோ என் பேச்சு மாறும். தனியார் துறையில் சுத்திகரிப்பு நிலையங்கள், தோல், சாயத் தொழிற்சாலைகள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள் ஆகியவற்றில் நேரடிப் பட்டத்துக்கு மதிப்பு உண்டு. ஆயினும் தொடக்கச் சம்பளம் மென்பொருள் துறையோடு ஒப்பிடத்தக்கதாக இராது. களப்பணியும் சில இடங்களில் இரவு ஷிப்டும் இருக்கும். இதை மகளிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கட்டணம் பற்றித் தாங்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம். மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர் என்பதால் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கு உரியவர். அதில் இடம் பெற்றால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கே வரும். கட்ஆஃப் கணக்கில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என மொத்தம் 200. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்னொன்று, சிறியதாகத் தோன்றினாலும் முக்கியமானது. தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதி முடிந்துவிடும். கலந்தாய்வுச் சுற்றுகள் நடக்கும்போது தாங்கள் கடலில் இருப்பீர்கள். விருப்பப் பட்டியலை உறுதிசெய்வதற்கான ஓடிபி, பதிவில் கொடுத்த கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும். ஒதுக்கீடு வந்தபின் ஒப்புதல் தருவதற்கு மிகக் குறுகிய கெடுவே இருக்கும். ஆகவே பதிவின்போது தங்கள் எண்ணைக் கொடுக்காதீர்கள். கரையிலேயே இருக்கும் மகளின் எண்ணையோ அவருடைய தாயாரின் எண்ணையோ கொடுங்கள்.