பீர் போர்டு: பழசா, பழசாக்குனதா?

கேள்வி: காரைக்குடி பக்கம் ஒரு பழைய சாமான் கடையில கின்னஸ் பீர் எனாமல் போர்டு பாத்தேன், பெரிய மூக்கோட ஒரு பறவை, பக்கத்துல பீர் கிளாஸ், ஓரமெல்லாம் துரு. "1910ல லண்டன்ல இருந்து வந்தது சார், வெள்ளைக்காரன் கிளப்புல தொங்குனது"ங்கறார் கடைக்காரர். 18,000 சொல்லி 14க்கு இறங்கி வந்திருக்கார். வாங்கலாமா?

பதில்: அந்த ரேட்டுக்கு வேணாம். அந்தப் பறவை டூக்கன். கின்னஸ்காரங்க பிரிட்டன் பேப்பர்கள்ல விளம்பரம் போட ஆரம்பிச்சதே 1929லதான், டூக்கன் அதுக்கும் அப்புறம் 1935ல, ஜான் கில்ராய்னு ஒரு ஓவியர் கைவண்ணத்துல வந்துச்சு, அப்போ 1910ல அது எந்த கிளப் சுவத்துல தொங்கியிருக்கும்? கடைக்காரரும் யாரோ சொன்னதை நம்பித்தான் சொல்றாரோ என்னவோ, ஆனா காசு உங்களுது.

துருவைப் பாத்து மட்டும் வயசு முடிவு பண்ணிடாதீங்க. ஆசிட், உப்புத்தண்ணி இருந்தா கொஞ்ச நாள்லயே துரு ஏத்திடலாம். இந்த மாதிரி இங்கிலாந்து போர்டுங்களோட காப்பி நம்ம நாட்டுலயே தயாராகுது, அதுவும் சூளையில சுட்ட நிஜ எனாமல்தான், அதனால "தட்டிப் பாருங்க, ஒரிஜினல் எனாமல்"னு அவர் சொன்னா அது பொய்யில்ல, ஆனா வயசுக்கு அது சாட்சியும் இல்ல. காந்தம் ஒட்டுறதும் அப்படித்தான், பழசு, காப்பி ரெண்டுலயும் ஒட்டும்.

ஆணி ஓட்டையை நல்லா பாருங்க. வருஷக்கணக்கா சுவத்துல இருந்த போர்டுல ஸ்க்ரூ அழுத்தி ஓட்டையைச் சுத்தித்தான் எனாமல் முதல்ல சில்லு சில்லா பேந்திருக்கும், அங்க துரு கருப்பா இறுகிப் போயிருக்கும். ஓட்டை புதுசு மாதிரி பளிச்னு இருக்கு, ஆனா நடுவுல அங்கங்க அளவெடுத்த மாதிரி அடிபட்டிருக்கு, தொட்டா ஆரஞ்சுப் பொடி விரல்ல ஒட்டுதுன்னா சந்தேகப்படுங்க. லென்ஸ் வச்சுப் பாத்து படம் சின்னச் சின்னப் புள்ளியா தெரிஞ்சா அது பிரிண்ட், பேசாம வெளியே வந்துடுங்க.

இன்னொரு வழி, "பில்லுல 1910 ஒரிஜினல்னு எழுதிக் குடுங்க"ன்னு கேளுங்க. 100 வருஷம் தாண்டின பொருள் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வர வாய்ப்பிருக்கு, அதை வியாபாரம் பண்ண லைசென்ஸ் வேணும், வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. இதைச் சொன்னதும் போர்டுக்கு வயசு குறைஞ்சாலும் குறையும்! எழுதிக் குடுத்து அப்புறம் பொய்னு தெரிஞ்சா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிங்க, பில் இருந்தாத்தான் உங்க பேச்சு எடுபடும். படம் பிடிச்சிருக்கு, ஹால்ல மாட்டணும் அவ்வளவுதான்னா புது காப்பிக்கு என்ன விலையோ அதைக் குடுத்து வாங்குங்க, தப்பே இல்ல.

கேள்வி: மாமனார் வீட்டுப் பரண்ல டயர் மீக்கின்ங்கற பீர் கம்பெனி பேர் போட்ட ட்ரே கெடச்சுது. புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு வருமா?

பதில்: ஐயோ, வேணாம்! அது தகரத்து மேல அச்சடிச்ச பெயிண்ட், புளியோ சாம்பலோ போட்டா எழுத்தும் சேர்ந்து போயிடும். அந்தக் கம்பெனி 1960கள்ல மோகன் மீக்கின்னு பேர் மாறிடுச்சு, அதனால பழைய பேர் இருக்கறதுதான் அந்த ட்ரேக்கு மதிப்பே (அதையும் காப்பி அடிக்கலாம், ஆனா உங்க பரண்ல வந்து யாரும் வைக்கப் போறதில்ல). ஈரத்துணியை நல்லாப் பிழிஞ்சு மெதுவா துடைச்சு, உடனே காஞ்ச துணியால ஒத்தி எடுங்க.