மத்தியதரைக் கடலில் ஒரு வாரக் கப்பல் சுற்றுலா, முதல்முறை ஐரோப்பா செல்வோருக்கு ஏற்றதா?

கேள்வி கேட்டவர் மூன்று செய்திகளை அறிய விரும்புகிறார். ஐம்பது வயதைக் கடந்த தம்பதியர் ஐரோப்பாவை முதன்முதலாகப் பார்க்க இந்தப் பயணம் உகந்ததா, துறைமுகங்களில் கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவை வாங்குவதா அல்லது தாமாகவே ஊர் சுற்றுவதா, பால்கனி உள்ள அறைக்குக் கூடுதலாகப் பணம் தரலாமா என்பவை அவை. சென்ற அக்டோபரில் நானும் என் மனைவியும் ஒரு சனிக்கிழமை பார்சிலோனாவில் கப்பல் ஏறி, பால்மா, மார்செய், லா ஸ்பெசியா, சிவிதவெக்கியா, நேப்பிள்ஸ் ஆகிய துறைமுகங்களுக்குச் சென்று, அடுத்த சனிக்கிழமை அதே பார்சிலோனாவில் இறங்கினோம். இது எங்களுக்கு இரண்டாவது கப்பல் பயணம்தான். முதலாவது சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுகள் போய் வந்தது. ஆகவே பழுத்த அனுபவசாலி என்று என்னை எண்ணிவிட வேண்டாம். தவறுகள் இன்னும் பசுமையாக நினைவிருக்கும் நிலையில் எழுதுகிறேன், அவ்வளவே.

முதல் கேள்விக்கு என் விடை, ஏற்றதுதான் என்பது. ஆனால் நீங்கள் வாங்குவது கப்பலை அன்று, ஐந்து துறைமுகங்களில் கிடைக்கும் பகற்பொழுதை என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். சிங்கப்பூர்ப் பயணத்தில் கப்பலே ஊராக இருந்தது. நீச்சல் குளம், கலை நிகழ்ச்சி, இரவு உணவு என்று அதற்குள்ளேயே மூன்று நாளும் கழிந்தன. மத்தியதரைக் கடலில் கப்பல் இரவில் ஓடுகிறது, விடியும்போது ஏதோ ஒரு கரையில் கட்டப்பட்டிருக்கிறது, காலை எட்டு மணிக்கு நாம் இறங்கிவிடுகிறோம். மாலையில் கால் கடுக்கத் திரும்பி வந்தால் உணவும் உறக்கமும்தான். பதினைந்து மாடி உயரக் கப்பலில் எத்தனை சறுக்குமரம் இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இதனால் பயணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று: கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது, அன்று என்ன கிழமை. விளம்பரத்தில் 'ரோம்' என்று இருக்கும், கப்பல் நிற்பது சிவிதவெக்கியாவில். அங்கிருந்து ரோம் நகரம் எழுபது கிலோமீட்டருக்கு மேல். 'ஃபிளாரன்ஸ், பீசா' என்று இருக்கும், கப்பல் நிற்பது லா ஸ்பெசியாவிலோ லிவோர்னோவிலோ. திருச்சி பார்க்கலாம் என்று அழைத்துப் போய்த் தஞ்சாவூரில் இறக்கிவிடுவதைப் போன்றதுதான் இது, தூரம் இன்னும் கொஞ்சம் கூடுதல். மார்செய் நகரத்தின் பெயரிலேயே துறைமுகம் இருந்தாலும், பெரிய கப்பல்கள் கட்டப்படும் வடக்குத் துறையிலிருந்து பழைய துறைமுகம் வரை ஏழெட்டுக் கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டியிருக்கிறது. நாங்கள் சென்ற ஊர்களில் கப்பலை விட்டு இறங்கி நடந்தே ஊருக்குள் நுழைய முடிந்தது நேப்பிள்ஸில் மட்டும்தான். அங்கே துறைமுகக் கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே ஐந்து கோபுரங்களுடன் காஸ்தல் நுவோவோ என்னும் கோட்டை நிற்கிறது.

கிழமையைப் பார்க்காததால் நாங்கள் இரண்டு முறை ஏமாந்தோம். சனிக்கிழமை கிளம்பும் கப்பல் ஞாயிறன்று பால்மாவில் நின்றது. 1229-இல் ஜெய்மி மன்னர் பால்மா இருக்கும் மயோர்க்கா தீவைக் கைப்பற்றிய பிறகு எழுப்பத் தொடங்கிய பேராலயம் கடலோரத்திலேயே தேன் நிறக் கல்லில் நிற்கிறது. 1904 முதல் பத்தாண்டுகள் கட்டடக் கலைஞர் கௌடி அதன் உட்புறத்தில் வேலை செய்திருக்கிறார். பார்சிலோனாவில் அவர் வடிவமைத்த சக்ரதா ஃபமிலியா ஆலயத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்பதால் அதைக் காண ஆவலாக இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு மட்டுமே, சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் சொன்னார்கள். வெளியே இருந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இரண்டாவது ஏமாற்றம் ரோமில் நேர்ந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மார்செயில் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. பழைய துறைமுகத்திலிருந்து 60-ஆம் எண் பேருந்து, குன்றின் மேல் இருக்கும் நோத்ர தாம் த லா கார்ட் ஆலயத்துக்குப் போகிறது. கோபுர உச்சியில் பொன் முலாம் பூசிய மாதா சிலை கடலில் இருந்தே தெரிகிறது. உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால், மேற்கூரையிலிருந்து கயிறுகளில் சின்னஞ்சிறு கப்பல்கள் தொங்குகின்றன. பாய்மரக் கப்பல், மீன்பிடி படகு, நீராவிக் கப்பல் என்று ஒவ்வொன்றும் கையளவுதான். புயலில் தப்பிய மாலுமிகளும் அவர்கள் குடும்பத்தாரும் நேர்ந்துகொண்டு கொடுத்த காணிக்கைகள். என் மனைவிக்கு உடனே வேளாங்கண்ணியின் காணிக்கை அருங்காட்சியகம் நினைவுக்கு வந்தது. கதவு திறந்து காற்று வரும்போதெல்லாம் அந்தக் கப்பல்கள் அனைத்தும் ஒரே பக்கமாக மெல்லத் திரும்பியதைக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

லா ஸ்பெசியாவில் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தது என்று சொல்லலாம். எங்கள் உணவு மேசையில் அமர்ந்த பிரிட்டிஷ் தம்பதியர் கப்பல் நிறுவனத்தின் ஃபிளாரன்ஸ் சுற்றுலாவை வாங்கியிருந்தார்கள். போக வர நான்கு மணி நேரம் பேருந்தில் கழிந்து, ஊரில் நான்கு மணி நேரம் கிடைத்ததாகவும், அதிலும் ஒரு மணி நேரம் மதிய உணவுக்குப் போய்விட்டதாகவும் இரவில் சொன்னார்கள். நாங்கள் ஃபிளாரன்ஸைக் கைவிட்டுவிட்டு, ரயில் நிலையத்துக்குப் போய்ச் சிங்க்வே தெர்ரே என்னும் ஐந்து கடலோரக் கிராமங்களுக்கான ஒருநாள் சீட்டை வாங்கிக்கொண்டோம். ரயில் புறப்பட்டுச் சுரங்கத்துக்குள் நுழைந்து பத்து நிமிடத்துக்குள் முதல் கிராமமான ரியோமஜோரேயில் கடலைக் காட்டிவிட்டது. செங்குத்தான மலையில் சாந்து இல்லாமல் கல்லை அடுக்கி வரப்பு கட்டி, அந்தப் படிகளில் திராட்சை பயிரிட்டிருக்கிறார்கள். 1997-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததற்கு அந்த வரப்புகளும் ஒரு காரணம். இரண்டு கிராமங்களை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்கே கப்பலில் காப்பி குடித்தோம்.

ஆகவே ஊர் ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் தாமாகவே போவது நல்லது, அதைத் தாண்டினால் கப்பலின் சுற்றுலா நல்லது என்பது என் கணக்கு. காரணம் எளிது. கப்பல் நிறுவனத்தின் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் வந்து சேர வேண்டும்.

இதை ரோமில் எழுபது கிலோமீட்டர் தூரமும் நெஞ்சு படபடக்க உணர்ந்தேன். சிவிதவெக்கியாவில் துறைமுகப் பேருந்தில் வாயில் வரை வந்து, இருபது நிமிடம் நடந்து ரயில் நிலையத்தை அடைந்து, ஏறத்தாழ ஐம்பது நிமிடப் பயணத்தில் ரோமா சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து புனித பேதுரு பேராலயத்துக்கு நடந்தே போய்விடலாம் என்று படித்திருந்தது சரியாகவே இருந்தது. ஆனால் அன்று புதன்கிழமை. புதன்கிழமை காலையில் சதுக்கத்தில் திருத்தந்தையான போப்பின் பொதுச் சந்திப்பு நடைபெறும், அது முடியும்வரை பேராலயத்துக்குள் போக முடியாது. சதுக்கம் முழுவதும் நாற்காலிகள், மஞ்சளும் வெள்ளையுமாகக் கொடிகள், பல மொழிகளில் வாழ்த்தொலி. அது ஒரு காட்சிதான், மறுக்கவில்லை. எங்கள் கையில் இருந்ததோ ஆறு மணி நேரம். பேராலயத்துக்குள் இருக்கும் மைக்கலாஞ்சலோவின் பியத்தா சிற்பத்தைப் பார்க்காமலேயே திபேர் ஆற்றைக் கடந்து, பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கும், பிறகு கொலோசியத்தின் வெளிச்சுற்றுக்கும் நடந்தோம். திரும்பும்போது தெர்மினி நிலையத்தில் அறிவிப்புப் பலகை எங்கள் ரயிலுக்கு நேராக இருபத்தைந்து நிமிடத் தாமதத்தைக் காட்டியது. ஆறரை மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும். என் மனைவி ஒன்றும் பேசவில்லை, அதுவே எனக்குக் கூடுதல் அச்சமாக இருந்தது. கடைசியில் முக்கால் மணி நேரம் மிச்சம் வைத்தே ஏறினோம். ஆனாலும் ரோமைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ரோமுக்காகவே இத்தாலி போக விரும்புகிறவர்கள், கப்பல் பயணத்துக்கு முன்போ பின்போ மூன்று நாள் அங்கே தங்குவதுதான் முறை.

நேப்பிள்ஸில் எல்லோரையும் போலப் பொம்பெயி போவதாக இருந்தோம். சர்க்கம்வெசூவியானா ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள் போய்விடலாம். முந்தின நாள் அனுபவத்துக்குப் பிறகு ரயில் என்றாலே கசந்ததால், ஊருக்குள்ளேயே இருக்கும் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போனோம். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை மூடிய ஊர்களிலிருந்து எடுத்த பொருள்களில் தலைசிறந்தவை அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நம் நாட்டிலிருந்து போனது. 1938-இல் பொம்பெயியின் ஒரு வீட்டில் கிடைத்த தந்தத்தாலான பெண் உருவம், ஒரு சாண் உயரத்துக்குச் சற்றே கூடுதல். கழுத்திலும் இடையிலும் அணிகள், கை நிறைய வளையல், இரு பக்கமும் தோழியர். இலட்சுமி என்று முதலில் பெயரிட்டார்கள், யட்சியாக இருக்கலாம் என்பது பிற்காலத்தவர் கருத்து. உச்சந்தலையில் ஒரு துளை இருப்பதால் ஏதோ பொருளுக்குக் கைப்பிடியாகவோ காலாகவோ அமைந்திருக்கும் என்கிறார்கள். மிளகுக்கும் முத்துக்கும் ரோமானியப் பொன் நம் கரைக்கு வந்ததைப் பள்ளியில் படித்திருக்கிறோம். சரக்கு எதிர்த்திசையில் போனதற்கான சான்று கண்முன்னே கண்ணாடிக்குள் நின்றது. பொம்பெயியைத் தவறவிட்ட வருத்தம் எனக்கு இல்லை.

கப்பலைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். புறப்படுவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. ஆபத்துக் காலத்தில் கூட வேண்டிய இடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்டிவிட்டு வர வேண்டும். பலர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். லா ஸ்பெசியாவிலிருந்து சிவிதவெக்கியா போகும் வழியில்தான் ஜிலியோ தீவு இருக்கிறது. 2012 ஜனவரி 13 இரவு கோஸ்தா கொன்கோர்தியா என்ற சுற்றுலாக் கப்பல் அங்கே பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று சிவிதவெக்கியாவில் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி நடத்தப்பட்டிருக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் புறப்படும் முன்பே பயிற்சி என்ற விதி வந்தது. முணுமுணுக்காமல் போய் வாருங்கள்.

சைவ உணவுக்குக் கவலை வேண்டாம். இரவு உணவின்போதே மறுநாளைக்கு இந்தியச் சைவ உணவு வேண்டும் என்று தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டால் பருப்பும் சோறும் காய்கறியும் தனியாகச் செய்து தருகிறார்கள். பஃபேயில் தேடி அலைய வேண்டியதில்லை. கைப்பேசியை முதல் இரவே விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள். கரை மறைந்ததும் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானாகப் பிடித்துக்கொள்ளும், நம் ஊரில் வாங்கிய ரோமிங் திட்டம் அதற்குப் பொருந்தாது. நான் ஒரே இரவில் கற்றுக்கொண்ட இந்தப் பாடத்துக்கு நான்காயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆயிற்று. கப்பல் ஊழியர்களுக்கான பணிக்கொடை என்ற பெயரில் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பதினைந்து டாலருக்கு மேல் கணக்கில் ஏறுகிறது. அதையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். விமானம், விசா, பார்சிலோனாவில் இரண்டு இரவு, இவை எல்லாம் சேர்ந்தபோது எங்களுக்குக் கப்பல் கட்டணத்தைப் போல இன்னொரு மடங்குக்கு மேல் ஆனது.

விசாவைப் பொறுத்தவரை, எங்கள் வழியில் இருந்த ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி ஆகிய மூன்று நாடுகளும், ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் அடங்கியவை. அதிக நாள் தங்கியது ஸ்பெயினில் என்பதால் அந்நாட்டிடம் விண்ணப்பித்தோம். வழியில் துனிசியாவோ துருக்கியோ இருந்தால் பலமுறை நுழையும் விசாவைக் கேட்டு வாங்குங்கள். கப்பல் புறப்படும் நாளன்றே விமானத்தில் போய் இறங்கும்படி ஏற்பாடு செய்யாதீர்கள். விமானம் தாமதமானதால் ஒரு குடும்பம் பால்மாவில் வந்து ஏறியதைப் பார்த்தோம்.

கடைசியாகப் பால்கனி. நாங்கள் சன்னலே இல்லாத உள்ளறையை எடுத்திருந்தோம். துறைமுக நாள்களில் அது போதுமானதாகவே இருந்தது, ஏனென்றால் பகலில் அறையில் இருந்ததே இல்லை. விளக்கை அணைத்தால் நள்ளிரவும் நண்பகலும் ஒன்றுதான், கடிகாரத்தில் மணி வைக்காமல் எழ முடியாது. வெள்ளிக்கிழமை நேப்பிள்ஸிலிருந்து பார்சிலோனாவுக்கு முழுப் பகலும் கப்பல் கடலில் ஓடியது. காலையில் மேல்தளத்தில் நின்று, வலப்புறம் கோர்சிகா, இடப்புறம் சார்டினியா என இரண்டு தீவுகளையும் ஒருசேரப் பார்த்தோம். தீவுகளின் மறைவு விலகியதும் மிஸ்த்ரால் காற்றின் அலை தாக்கத் தொடங்கியது. பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கு வழியாகக் கீழிறங்கும் குளிர்காற்று அது. நீச்சல் குளத்தின் நீர் ஒரு கரையில் ஏறி மறுகரையில் வழிந்ததால் குளத்துக்கு வலை கட்டிவிட்டார்கள். மாடிப்படிக் கைப்பிடிகளில் வாந்திப் பைகளைச் செருகி வைத்தார்கள். பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் சாப்பிட்டால் குமட்டல் அடங்கும் என்று அறையைத் துப்புரவு செய்பவர் கொண்டுவந்து கொடுத்தார், ஓரளவு அடங்கவும் செய்தது. எங்கள் அறை பத்தாம் தளத்தில், கப்பலின் முன்பகுதியில் இருந்தது. அசைவு மிகுதியாகத் தெரிவது அங்கேதான். அந்த அறைக்குள் தொடுவானம் தெரியாமல் படுத்திருப்பது பெரும் துன்பமாக இருந்ததால், நாள் முழுவதும் ஏழாம் தளத்தின் நடுவில் ஒரு சன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனவே பால்கனிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியைச் செலவிட்டு, கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், திறக்க முடியாத சன்னல் உள்ள அறையாகக் கேட்டு வாங்குங்கள்.