டீம் லீடரா இல்லாதவங்க லீடர்ஷிப் கேள்விக்கு என்ன சொல்றது?

'டீம் லீடரா இருந்ததே இல்ல, இன்டர்வியூல என்ன சொல்ல'ன்னு கேட்டிருக்கீங்க தம்பி. அதே பதிவுல, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு முன்னாடி, வியாசர்பாடி குடோன்ல யாரும் சொல்லாமலே கீழ் அடுக்குப் பெட்டிகளை மேல ஏத்த வச்சேன்னும் எழுதியிருக்கீங்களே, அதுதான் பதில்!

சூழலை ரெண்டே வரியில முடிங்க. நீங்க செஞ்சதுக்குத்தான் நேரம் கொடுக்கணும்: லோடுமேன் அண்ணன் 'இவ்ளோ தூரம் தண்ணி வராதுப்பா'ன்னு முறைச்சப்போ எப்படிச் சம்மதிக்க வச்சீங்க, சூப்பர்வைசருக்கு எப்போ போன் போட்டீங்க. கடைசியா, எத்தனை பெட்டி தப்பிச்சதுன்னு எண்ணிக்கை. எல்லாத்துக்கும் 'நாங்க'ன்னே சொன்னா உங்க பங்கு தெரியாது. 'நான்'னு சொல்லக் கூச்சப்படாதீங்க, நம்ம ஏரியா பசங்க அங்கதான் கோட்டை விடுறாங்க. 'மறுபடி நடந்தா எதை மாத்துவீங்க'ன்னும் கேட்பாங்க, யோசிச்சு வைங்க.