புற்றுநோய் செல்களுக்கு ஒளி காட்ட விளக்கு போதாதா, துணி எதற்கு?

மருந்தும் ஒளியும் சேர்த்துப் புற்றுநோய் செல்களைக் கொல்லும் ஆய்வில் ஒளிவிடும் துணியைப் பயன்படுத்துவது பற்றி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கும் தங்கச்சி கேட்ட கேள்வி இது. நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன்தான்.

விடியலில் பால்மரம் சீவப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் விளக்கை நினைத்துப் பாரம்மா. நடுவில் பளிச்சென்று இருக்கும், ஓரத்தில் மங்கும். ஆய்வில் அந்த மங்கல்தான் பெரிய தொல்லை. செல்களுக்கு முதலில் ஒளியுணர் மருந்து கொடுப்பார்கள். அதன்மேல் சரியான நிற ஒளி பட்டால், அருகிலுள்ள ஆக்சிஜன் வீரியமாகி செல்லைக் கொல்லும். செல்களை வைக்கும் 96 குழித் தட்டில் ஓரக் குழிக்கு ஒளி குறைந்தால், செல் பிழைத்தது மருந்தாலா விளக்காலா என்று எப்படிச் சொல்வது?

துணியில் தூண்டில் நரம்பு போன்ற பிளாஸ்டிக் ஒளியிழைகளை நூலோடு நெய்கிறார்கள். இழை வளையும் இடந்தோறும் ஒளி கொஞ்சம் கசியும். நெசவை மாற்றி அந்தக் கசிவைச் சீராக்கலாம். பிரான்சின் லீல் நகர ஆய்வாளர்கள் இதில் நிறைய உழைத்திருக்கிறார்கள். இழைக்கு ஒளி தரும் லேசர் தள்ளியே இருப்பதால் தட்டும் சூடாகாது. சூடும் செல்லைக் கொல்லும் என்பதால் இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் வீதம் 1 மணி நேரம் ஒளி காட்டினால், அந்த ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சேரும் ஒளியாற்றல் 36 ஜூல். நிறம் மருந்தைப் பொறுத்தது: புரோட்டோபோர்ஃபிரின் என்ற ஒளியுணர் பொருளுக்குச் சிவப்பு, சுமார் 635 நானோமீட்டர்.