காலில் விதை, தலையில் இறகு

கேள்வி: அமெரிக்காவில் ஆஸ்டெக் (மெக்சிகோவின் பழங்குடி மரபு) நடனக் கலைஞர்கள் காலில் கட்டுவது சலங்கைதானா? அந்த ஆட்டத்தை அங்கே கொண்டுபோனவர் யார்?

பதில்: உலோகச் சலங்கை இல்லை, 'ஆயோயோட்டே' எனும் விதைச் சலங்கை. நம் கோயில் நந்தவனங்களில் பூக்கும் மஞ்சள் அரளியும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான்; அந்த இனக் காய்களின் உள்ளே இருக்கும் கெட்டி ஓட்டைத்தான் கோக்கிறார்கள். ஓட்டை அறுத்துப் பருப்பை முழுதாக எடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் ஒலி மழுங்கும். பருப்பு இதயத்தைத் தாக்கும் கொடிய விஷம் என்பதால் குழந்தைகளை அருகில் விடக்கூடாது. தோல்பட்டையில் வரிசையாகத் தொங்கவிடும்போது முடிச்சு இறுகினால் ஓடுகள் ஒன்றோடொன்று மோதாது, தாளம் செத்துவிடும்.

1970-களில் கலிஃபோர்னியாவின் சிகானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்க) இளைஞர்களுக்கு இதைக் கற்பித்தவர்களில் முக்கியமானவர் மெக்சிகோ நடனக் கலைஞர் ஃப்ளோரென்சியோ யெஸ்காஸ். இன்று அங்கே இத்தனை குழுக்கள் ஆடுவதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

கேள்வி: வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்குப் போகும்போது எதில் சிக்கல் வரும்?

பதில்: முதலில் தலையில் சூடும் இறகு. கெட்சால் பறவையும் செம்பஞ்சவர்ணக் கிளியும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பவை. உரிய அனுமதி இல்லாமல் அவற்றின் இறகோடு எல்லை தாண்டினால் பறிமுதல்தான். பண்ணையில் வளர்த்த ஃபெசன்ட் (கோழியினப் பறவை) இறகே நடைமுறைக்கு ஏற்றது. அதற்கும் போகும் நாட்டின் விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உவெவெட்ல் முரசு. ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். ஆடுவதற்கு முன் மிதமான சூடு காட்ட வேண்டும். அதிகமானால் தோல் கிழியும். சடங்கில் சாம்பிராணிபோல் எரிக்கும் கோபால் (copal) மரப்பிசின் புகையால் அரங்கின் தீ எச்சரிக்கை மணி அடித்துவிடலாம், நிர்வாகத்திடம் முதலிலேயே பேசிவிடுங்கள். நான்கு திசைகளை வணங்கும் தொடக்கச் சடங்கை மட்டும் நேரமில்லை என்று வெட்டக்கூடாது. ஆட்டத்துக்கு அனுமதி கேட்பதே அதில்தான்.